உரத்தின் மூலக்கூற்றைத் தெளிவாகப் படமாக்கும் முறை

ஈர மண்ணின்மேல் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது என்று குடியானவர்களிடம் சொல்வது எளிது. நம்பச் செய்வது கடினம். போகிற வஸ்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் கூட்டங்களில் சுவர்ப்படம் ஒன்றை மாட்டிப் பேசுகிறோம். அப்படத்தைக் கையால் வரையாமல், மூலக்கூறுகளின் மாதிரியை அமைக்கும் கம்ப்யூட்டர் மென்பொருளைக் கொண்டு குறைந்த நேரத்தில் தயாரிக்கும் விதத்தை, மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியுமாறு இங்கு எழுதலானேன்.

எழுதத் தூண்டியது என் பிழையொன்றே. சில வருஷங்களுக்கு முன் மூன்று மாலைப் பொழுதைச் செலவிட்டு, யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்னும் நொதியின் எல்லா அணுக்களையும் பல வர்ணங்களில் காட்டும் படமொன்றை மாட்டினேன். பெரியவர் ஒருவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சிவப்பு உருண்டைதான் விஷமோ?" என்று கேட்டார். நான் சொன்ன சமாதானம் அவர் மனதில் பதியவில்லை. அவ்வருஷம் அவர் மேலுரம் இடுவதையே நிறுத்திவிட்டார். பயிர் வெளுத்து நின்றது. சிவப்பு உருண்டை வெறும் ஆக்ஸிஜனே.

அணுக்களுக்கு உண்மையில் நிறமில்லை. கரிக்குக் கறுப்பு அல்லது சாம்பல், ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம் என்பது ரசாயனிகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. படத்தின் ஓரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் நேரே அதன் பெயரைத் தமிழில் எழுதிவிட்டால் மேற்படி சந்தேகம் எழாது.

முதலில் சிறிய மூலக்கூற்றிலிருந்து தொடங்கவேண்டும். யூரியாவில் உள்ளவை 8 அணுக்களே: கரி ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. அவகாட்ரோ என்னும் இலவச மென்பொருளில் கரியணுவை வைத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனை இரட்டைப் பிணைப்பாலும் இரு நைட்ரஜன்களை ஒற்றைப் பிணைப்பாலும் இழுத்துச் சேர்த்தால், குறைவான ஹைட்ரஜன்களை அதுவே நிரப்பிக்கொள்ளும். பின்பு வடிவத்தைச் சீர்செய்யும் கட்டளையைக் கொடுக்க, பிணைப்புகளின் நீளமும் கோணமும் ஏறக்குறைய சரியான அளவுக்கு வந்துவிடும். பழகியவருக்கு ஐந்து நிமிஷ வேலை. இவ்விதமே தண்ணீர், அம்மோனியா, கரியமில வாயு ஆகியவற்றையும் அமைத்து, இடப்பக்கம் ஒரு யூரியாவும் ஒரு தண்ணீரும், வலப்பக்கம் இரண்டு அம்மோனியாவும் ஒரு கரியமில வாயுவும் நிற்கச் செய்க. இரு பக்கமும் 11 அணுக்கள் இருக்கவேண்டும். எண்ணிக்கை ஒவ்வாவிடில் படம் தவறு.

யூரியேஸ் விஷயம் வேறு. 1926-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸம்னர் என்பவர், நமது தம்பட்டை அவரைக்கு நெருங்கிய இனமான ஜாக் பீன் விதையிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1946-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். ஆயினும் அவ்விதை நொதியின் முழு வடிவம் 2010-ல்தான் வெளியாயிற்று. கண்டவர்கள் நமது சென்னை சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள். ஒரு சங்கிலியில் 840 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ள இதைக் கையால் வரைய எண்ணுவது வீண் முயற்சி. 1971-ல் ஏற்பட்ட புரத வடிவங்களின் தரவு வங்கியில் இது 3எல்ஏ4 என்னும் குறியின் கீழ் இருக்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் பிரான்ஸிஸ்கோ கிளையார் வெளியிட்டுள்ள கைமெராஎக்ஸ் என்னும் மென்பொருளில் அக்குறியைக் கொடுத்தால் வடிவம் தானே வந்து நிற்கும்.

திறந்தவுடன் தோன்றுவதை அப்படியே அச்சிட்டதுதான் நான் செய்த பிழை. படம் எதைச் சொல்லவேண்டும் என்று முன்னதாகத் தீர்மானித்துக்கொண்டு, மற்றவற்றை மறைக்கவேண்டும். யூரியா சிதையும் இடத்தில் இரண்டு நிக்கல் அணுக்கள் உண்டு. அவ்விரண்டையும் பெரிய உருண்டைகளாக நிறுத்தி, புரதம் முழுவதையும் வெளிறிய நாடா வடிவில் பின்னே தள்ளினால், பார்ப்பவர் கண் நேரே நிக்கலுக்குச் செல்லும். பின்புலம் வெள்ளையாயிருக்கட்டும், கறுப்புப் பின்புலம் திரையில் அழகாய்த் தோன்றினாலும் காகிதத்தில் மையைக் குடிக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடுவதால், உருவங்களுக்கு விளிம்புக்கோடு இட்டு, அணுக்களின்மேல் பெயரையும் பொறிப்பது அவசியம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 6 அங்குல அகலப் படத்துக்கு 1800 புள்ளிகள் போதுமானவை. திரையில் தோன்றுவதைச் சிறிய அளவில் பிடித்து, பிறகு பெரிதாக்கினால் எழுத்துக்கள் மங்கிப்போகும்.

வேலை முடிந்ததும் படத்தை மட்டுமின்றி, மென்பொருளின் அமர்வையும் கோப்பாகச் சேமித்து வைக்கவேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பெயரையோ நிறத்தையோ மாற்ற நேர்ந்தால் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. என் மூன்று மாலை வேலை இப்போது அரை மணியில் முடிகிறது.

திருத்திய படத்தை மாட்டியபோது, யூரியாவை இட்டவுடன் மண்ணில் கிளறி மூடுவதும், புன்செயில் பாசன நீரால் உள்ளே இறங்கச் செய்வதும் ஏன் என்பதை விளக்கப் பத்து நிமிஷம் போதுமாயிருந்தது. மண்ணுக்குள் உண்டாகும் அம்மோனியா அம்மோனியமாகிக் களியைப் பற்றிக்கொள்கிறது. மேற்பரப்பில் உண்டாவதோ காற்றில் கலக்கிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைப்பற்றியும் அதே படத்தில் காட்டும்படி சிலர் கேட்டனர். அதைச் சேர்க்கலாகாது. வேப்பெண்ணெய் முக்கியமாகத் தாமதப்படுத்துவது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் அடுத்த கட்டத்தை. அதற்குத் தனிப் படம் வேண்டும்.