ஈரமாவதற்கு முன் 'டேம்ப்'

மழைக்காலம் முடிந்ததும் பெயின்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பூச்சு பொரிந்து, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. "டேம்ப் ஏறியிருக்கு சார். இதை நிறுத்தாம பெயின்ட் அடிச்சா வீண்" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் இதையே ஓதம் என்பார்கள். மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகிறது. கூடவே வந்த உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது.

அந்த 'டேம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் ஈரம் என்ற பொருளே கிடையாது. ஆவி, புகை, அதிலும் மூச்சை முட்டவைக்கும் கெட்ட காற்று என்பதுதான் அதன் பழைய பொருள். ஜெர்மன் மொழியில் நீராவியைக் குறிக்கும் 'டாம்ப்ஃப்' இதன் உறவுச்சொல். நம் 'ஆவி' உயிரையும் குறிக்கும். ஆங்கிலேயரின் 'டேம்ப்' உயிரைக் குடித்த ஆவி.

அதை நன்றாக அறிந்தவர்கள் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். வேதியியல் வந்து பெயர் சூட்டுமுன்பே வாயுக்களை அவர்கள் வகை பிரித்து வைத்திருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் 'ஸ்டிங்க்டேம்ப்', இன்றைய ஹைட்ரஜன் சல்ஃபைடு. தீப்பற்றி வெடிப்பது 'ஃபயர்டேம்ப்', அதாவது மீத்தேன். காற்றைவிட லேசானதால் அது சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தேங்கும். காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு மெழுகுவத்திச் சுடரே போதும்.

1812 மே 25 அன்று நியூகாசில் அருகே ஃபெல்லிங் சுரங்கம் அப்படித்தான் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. மூன்று ஆண்டு கழித்து வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஒரு விளக்கைச் செய்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை, அவ்வளவுதான். வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் சுடர் அதைத் தாண்டி வெளியே பற்றுவதில்லை. உள்ளே நுழையும் மீத்தேன் மட்டும் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பிபோல எரியும். ஒளி தர வந்த விளக்கு, காற்றை அளக்கும் கருவியாகவும் ஆனது! அறிவியல் செய்த எளிய, அழகான காரியங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

வெடித்தபின் எஞ்சுவது 'ஆஃப்டர்டேம்ப்'. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வெடிப்பில் தப்பியவர்களையும் கொன்றது. அதற்குச் சுடர் அணையாது. அதனால்தான் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். பிரிட்டனில் 1986 வரை அந்த வழக்கம் இருந்தது.

'பிளாக்டேம்ப்' நமக்கும் தெரிந்ததுதான், வேறு பெயரில். பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். பாதி ஆழம்வரை நன்றாக எரியும். இன்னும் கொஞ்சம் கயிறு விட்டதும் சுடர் சுருங்கி, திரி சிவந்து, அணையும். மேலே நிற்பவர் எதுவும் சொல்லாமல் கயிற்றைச் சுருட்டுவார். அடியில் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் பதினாறு பதினேழுக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். மனிதன் நினைவிழக்க அதைவிடக் குறைய வேண்டும். அந்த இடைவெளிதான் உயிர்பிழைக்கும் வாய்ப்பு. விளக்குக்குச் சிக்காத விஷவாயுக்களும் உண்டு என்பதால், இன்று அதை மட்டும் நம்பி யாரும் இறங்கக் கூடாது.

ஆவி மூடுபனியாகி, மூடுபனி ஈரமாகி, இன்று நாம் அறிந்த பொருளுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது 18ஆம் நூற்றாண்டு பிறந்திருந்தது. ஆனால் வினைச்சொல்லில் பழைய பொருள் சாகவில்லை. மூச்சை அடக்குவது, தீயை அடக்குவது, பிறகு அதிர்வை அடக்குவது என்று அது வளர்ந்தது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவுகள்' என்று படிக்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள 'டேம்ப்' இதுதான். காற்றில் தைபே 101 கோபுரம் ஆடாதிருக்க உள்ளே தொங்கும் 660 டன் எஃகு உருண்டைக்கும் 'டேம்பர்' என்றே பெயர்.

பியானோவின் உள்ளேயும் அது உண்டு. கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஒரு சிறு கம்பளித் துண்டு இறங்கி, அதிரும் கம்பியின்மேல் அமர்கிறது. நாதம் அங்கேயே மூச்சடங்குகிறது. அந்தத் துண்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.