காசும் ஊரும் – 12: கிளையை மூடுவது யார் முடிவு?

போன வாரம், 1969 ஜூலை 19 அன்று 14 தனியார் வங்கிகள் அரசுடைமையான கதையைப் பார்த்தோம். அவற்றில் இரண்டு நம் மண்ணில் பிறந்தவை: இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அரசுடைமை என்பது டெல்லியில் விழுந்த கையெழுத்து. அது ஊருக்கு வந்து சேர்ந்தது கிளைகளாகத்தான். அந்தக் கிளைகள் எப்படி வந்தன, ஏன் மூடப்படுகின்றன, மூடினால் ஊரில் என்ன நடக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

வங்கிக் கதவில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டப்படும். ‘வாடிக்கையாளர்களின் கவனத்துக்கு’ என்று தொடங்கும். இந்தக் கிளை இன்ன தேதி முதல் இன்ன கிளையுடன் இணைக்கப்படுகிறது, ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று முடியும். படித்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வங்கி அதன் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணம் தவறு. கிராமத்துக்கு வங்கிக் கிளை வந்தது வியாபாரக் கணக்கால் அல்ல. அதை வரவைத்தது ஒரு கொள்கை.

ஒன்றுக்கு நான்கு

ரிசர்வ் வங்கி 1951-52இல் நாடு முழுவதும் ஊரகக் கடன் ஆய்வு ஒன்றை நடத்தியது. அதன் அறிக்கை 1954இல் வந்தது. விவசாயி வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை என்று அது சொன்னது. மீதியில் பெரும்பகுதி வட்டிக்காரர்கள் கையில் இருந்தது. அந்த அறிக்கையின் விளைவாகத்தான் இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1 அன்று ஸ்டேட் வங்கியாக மாறியது. ஐந்து ஆண்டுகளில் 400 கிளைகள் திறக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை.

தனியார் வங்கிகளோ பெரும்பாலும் நகரத்திலேயே நின்றன. 1969 ஜூன் மாதத்தில் நாட்டில் மொத்தம் 8,262 கிளைகள். அவற்றில் கிராமத்தில் இருந்தவை 1,833 மட்டுமே. சராசரியாக 65,000 பேருக்கு ஒரு கிளை.

அரசுடைமைக்குப் பிறகு 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமா? அப்படியானால் வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளை திறந்தாக வேண்டும். 1990 வரை இந்த விதி இருந்தது. அந்தக் காலத்தின் முடிவில் நாட்டில் ஏறத்தாழ 60,000 கிளைகள், கிராமங்களில் மட்டும் ஏறத்தாழ 35,000. 65,000 பேருக்கு ஒன்று என்றிருந்தது 14,000 பேருக்கு ஒன்று என்று இறங்கியது.

இதனால் ஏழைக்கு என்ன கிடைத்தது? பொருளியல் அறிஞர்கள் ராபின் பர்ஜஸ், ரோகிணி பாண்டே இருவரும் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். 1969 முதல் 1990 வரை, வங்கியே இல்லாத ஊர்களில் ஏறத்தாழ 30,000 கிளைகள் திறக்கப்பட்டதையும் அதனால் ஊரக வறுமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததையும் அவர்கள் காட்டினார்கள். வாராக்கடன் ஏராளமாகச் சேர்ந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. கிராமக் கிளைகளால் வங்கிக்குச் செலவு இருந்தது உண்மை. அந்தச் செலவுக்கு நாடு பெற்ற பலனும் உண்மை. மூடுவதற்கு ஆதரவாகப் பேசுவோர் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு நகை உள்ளே போகும் வழி

கிளை என்றால் கட்டடமும் கல்லாவும் மட்டுமல்ல. உள்ளே நடக்கும் ஒரே ஒரு வேலையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

ஆனி, ஆடி மாதங்களில் ஒரு பெண் தன் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறார். விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம். நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழை இழைத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். தராசில் வைக்கிறார். அரக்கு, கல் கழித்து நிகர எடை எழுதுகிறார். அந்த அம்மாவின் கண்ணெதிரே நகை பைக்குள் போகிறது, சீட்டு கட்டப்படுகிறது. மேலாளரிடம் ஒரு சாவி, காசாளரிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டக அறை திறக்கும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அறுவடைக்குப் பிறகு வந்து நகையைத் திருப்பிக்கொண்டு போவார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வங்கியில் ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நம் பேச்சில் அது நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி. வெளியே ‘மூணு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 50,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி வங்கியில் 4,500 ரூபாய், வெளியே 18,000 ரூபாய். வித்தியாசம் 13,500 ரூபாய். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

கிளை பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த அம்மா என்ன செய்வார்? நகையை மடியில் கட்டிக்கொண்டு பேருந்து ஏற வேண்டும். ஒருநாள் கூலி போகும். மதிப்பீட்டாளர் அன்றைக்கு வரவில்லை என்றால் மறுநாளும் போகும். முன்பின் தெரியாத மேலாளரிடம் முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். ஊருக்குள்ளேயே அடகுக்கடை இருக்கிறது, இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கிறது. அவர் அங்கே போவதில் ஆச்சரியமில்லை. ஏமாந்து போகிறவர் அல்ல அவர். வேறு வழி இல்லாமல் போகிறார்.

பின்வாங்கிய ஆண்டுகள்

இதெல்லாம் வெறும் ஊகமில்லை, ஒருமுறை நடந்து முடிந்தது. 1991இல் வங்கிச் சீர்திருத்தத்துக்கான நரசிம்மம் குழு அறிக்கை தந்தது. கிளை திறப்பதையும், இப்போதைக்குக் கிராமக் கிளைகள் நீங்கலாக மற்றவற்றை மூடுவதையும் வங்கிகளின் விருப்பத்துக்கே விட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ‘ஒன்றுக்கு நான்கு’ விதி முன்பே போய்விட்டிருந்தது. நஷ்டக் கிளைகள் இணைக்கப்பட்டன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 35,000ஐத் தாண்டியிருந்த கிராமக் கிளைகள் 2006 வாக்கில் 30,500 அளவுக்கு இறங்கின. மக்கள்தொகை ஏறிய காலம் அது, கிளைகள் குறைந்தன.

அதே காலத்தில் கடன் யார் கைக்குப் போனது என்பதை அரசே எடுத்த அகில இந்தியக் கடன் – முதலீட்டு ஆய்வு காட்டுகிறது. ஊரகக் கடனில் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களின் பங்கு 1991இல் 64 சதவீதம். 2002இல் அது 57 சதவீதம். நாற்பது ஆண்டுகள் ஏறிக்கொண்டே வந்த அளவு அப்போதுதான் முதன்முறையாகச் சறுக்கியது. வங்கி விட்டுப்போன இடத்தில் வட்டிக்காரர் மறுபடி வந்து உட்கார்ந்தார். தமிழ்நாடு அரசு 2003இல் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். மிரட்டி வசூலிப்பதைச் சட்டம் தண்டிக்கலாம். ஆனால் விதைக்குப் பணம் கொடுக்கச் சட்டத்தால் முடியாது. அதற்குக் கிளைதான் வேண்டும்.

பிறகு ரிசர்வ் வங்கி தன் விதிகளைத் திருத்தியது. புதிதாகத் திறப்பவற்றில் 25 சதவீதம் வங்கி இல்லாத கிராமங்களில் இருக்க வேண்டும் என்றது. கிராமக் கிளைகள் மறுபடி கூடின. விதி தளர்ந்தபோது கிளை குறைந்தது, விதி இறுகியபோது கூடியது. கிளையின் தலையெழுத்தைக் கொள்கைதான் எழுதுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இணைப்பு என்ற பெயரில்

அடுத்த அலை வங்கி இணைப்புகளோடு வந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகள் ஸ்டேட் வங்கியில் கரைந்தன. அவற்றில் ஒன்று, குமரி மாவட்ட மக்கள் ‘எஸ்.பி.டி.’ என்று உரிமையோடு அழைத்த திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி. 2019இல் விஜயா, தேனா வங்கிகள் பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று பத்து வங்கிகள் நான்காயின. அலகாபாத் வங்கி நம் இந்தியன் வங்கிக்குள் வந்தது, சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள் போனது. 2017இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12.

ஒரே கடைவீதியில் எதிரெதிரே இருந்த இரண்டு கிளைகள் ஒரே வங்கியின் கிளைகளாகிவிட்டால், ஒன்றை மூடுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். கவுன்ட்டரில் நின்று பார்த்தால் பதில் தெரியும். இரண்டு கிளைகளின் கூட்டம் ஒரு கிளையில் நிற்கிறது. மகளிர் உரிமைத் தொகை, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி என்று அரசு தரும் எல்லாமே வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. எடுக்கும் கைகள் கூடிவிட்டன, கொடுக்கும் ஜன்னல்கள் குறைந்துவிட்டன. இங்கே கடன் மறுத்தால் எதிர்க் கிளையில் கேட்கலாம் என்று மகளிர் குழுக்களுக்கு இருந்த ஒரே பலமும் போனது.

‘ரேகை விழல’

கிளை போனாலும் வங்கி முகவர் இருக்கிறாரே என்பது வங்கிகள் தரும் பதில். 2006இல் ரிசர்வ் வங்கி இந்த முகவர் முறைக்கு அனுமதி தந்தது. மளிகைக் கடையிலோ செராக்ஸ் கடையிலோ ஒரு கையடக்கக் கருவியோடு அவர் இருப்பார். ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் தருவார். நடக்க முடியாத பெரியவருக்கு இது பேருதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவருக்கு ஓர் எல்லை உண்டு. களை பறித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரலைக் கருவி ஏற்பதில்லை. “ரேகை விழல, நாளைக்கு வாங்கம்மா” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர். ரசீது வராத நாளில் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீதி என்று எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு யார் சொல்வது? நகைக்கடன், பயிர்க்கடன், குழுக்கடன் ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் முகவருக்கு இல்லை. இறந்தவர் கணக்கை வாரிசுக்கு மாற்றவும் கிளைக்குத்தான் போக வேண்டும். யுபிஐக்கும் இதுவே எல்லை. ஒருவர் பணத்தை இன்னொருவருக்கு நொடியில் அனுப்பும். வயலைப் பார்த்து, ஆளைப் பார்த்து, ‘இவரை நம்பலாம்’ என்று கடன் எழுதாது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று இருக்கிறது. 2017இல் ரிசர்வ் வங்கி ‘வங்கிச் சேவை மையம்’ என்பதற்குப் புது வரையறை தந்தது. நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் ஓர் இடத்தில் முகவர் உட்கார்ந்து பணம் போட எடுக்க உதவினால், அதுவும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே, ஒரு மாவட்டத்தில் இத்தனை மையங்கள் என்று அறிக்கை வரும்போது, அதில் பெட்டக அறையும் மேலாளரும் உள்ள கிளைகள் எத்தனை, கடைமுனைக் கருவிகள் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

மற்ற நாடுகள் செய்தது

பிரிட்டனில் 2015 முதல் 6,000க்கும் மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டன. எல்லோரும் இணைய வங்கிக்கு மாறிவிட்டார்கள் என்றுதான் அங்கும் சொன்னார்கள். ரொக்கம் இல்லாத சமூகத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திண்டாடுவார்கள் என்று 2019இல் ஒரு சுயேச்சையான ஆய்வறிக்கை எச்சரித்தது. மக்கள் விடவில்லை. 2023இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ரொக்கம் எடுக்கவும் செலுத்தவும் மக்களுக்கு உள்ள வசதியைக் காக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை அமைப்பிடம் தந்தது. கிளைகள் போன ஊர்களில் பல வங்கிகள் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் நடத்தும் பொது மையங்கள் திறக்கப்படுகின்றன. அமெரிக்காவில் கிளையை மூடும் வங்கி 90 நாள் முன்னதாக வாடிக்கையாளருக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் அறிவிப்பு தர வேண்டும் என்பது சட்டம். சந்தையைப் பெரிதும் நம்பும் நாடுகளே கிளை மூடுவதை வங்கியின் சொந்த விஷயமாக விட்டுவிடவில்லை.

உங்கள் கையில் உள்ள விதி

நம்மிடமும் ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 10,000க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரின் கிளையை வங்கி தன்னிச்சையாக மூட முடியாது. சிறு நகரம் ஒன்றில் இருக்கும் ஒரே கிளைக்கும் இது பொருந்தும். மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் உங்கள் மாவட்ட ஆட்சியர். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முன்னோடி வங்கி மேலாளருடையது.

ஆகவே உங்கள் ஊர்க் கிளையை இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால், கதவில் தாள் ஒட்டும் வரை காத்திருக்காதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். எத்தனை மகளிர் குழுக்கள், எத்தனை உதவித்தொகைக் கணக்குகள், அடுத்த கிளை எத்தனை கிலோமீட்டர், பேருந்து எத்தனை முறை வரும் என்று விவரத்தோடு எழுதுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள், முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். குழு கூடும்போது ஊரின் குரல் அந்த மேசையில் காகிதமாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால், ஆட்சேபணை இல்லை என்றே பதிவாகும்.

(தொடரும்)