பர்ன்ஸ் இரவு: கவிஞரின் பிறந்த நாளை ஸ்காட்லாந்து மக்கள் விருந்து வைத்துக் கொண்டாடுவது ஏன்?

ஆண்டுதோறும் ஜனவரி 25-ஆம் தேதி இரவு, ஸ்காட்லாந்தின் வீடுகளிலும் விடுதிகளிலும் சங்கக் கட்டடங்களிலும், ஆட்டின் ஈரலும் ஓட்ஸும் சேர்த்து வேகவைத்த ஓர் உணவு பேக்பைப் இசை முழங்க எடுத்துவரப்படுகிறது. விருந்தினர்கள் எழுந்து நின்று அதனை வரவேற்கின்றனர். அந்நாட்டின் தேசியக் கவிஞராகப் போற்றப்படும் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள் விருந்து இது.

'பர்ன்ஸ் இரவு' என்று அழைக்கப்படும் இந்நாளுக்கு அரசு விடுமுறை கிடையாது. பர்ன்ஸை எந்த அரசும் தேசியக் கவிஞராக நியமித்ததும் இல்லை. மக்கள் தாமாகவே தொடங்கிய வழக்கம் 200 ஆண்டுகளைக் கடந்தும் நீடிக்கிறது.

யார் இந்த பர்ன்ஸ்?

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள அல்லோவே கிராமத்தில், தந்தை தம் கையால் கட்டிய மண் குடிசையில் 1759 ஜனவரி 25 அன்று பிறந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். குத்தகை விவசாயியின் ஏழு குழந்தைகளில் மூத்தவர். சிறு வயது முதலே ஏர் பிடித்து உழைத்தார்.

1707-இல் இங்கிலாந்துடன் ஒன்றிணைந்த பிறகு, ஸ்காட்லாந்தின் கற்றோர் வட்டாரத்தில் ஆங்கிலமே மதிப்புக்குரிய மொழியானது. சாமானியர் பேசிய ஸ்காட்ஸ் மொழியின் சொற்களைத் தம் பேச்சிலிருந்து நீக்கிக்கொள்வதைப் படித்தவர்கள் பெருமையாகக் கருதினர். அத்தகைய காலத்தில், தம் கவிதைகளில் பெரும்பாலானவை ஸ்காட்ஸ் வழக்கில் அமைந்தவை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து, 1786-இல் கில்மார்னாக் நகரில் முதல் தொகுப்பை வெளியிட்டார் பர்ன்ஸ். அச்சிடப்பட்டவை 612 பிரதிகள். விலை 3 ஷில்லிங். அவை விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன.

புகழ் வந்தபோதும் வறுமை முழுவதுமாக நீங்கவில்லை. பின்னாளில் கலால் வரி அதிகாரியாகப் பணியாற்றிய அவர், 1796 ஜூலை 21 அன்று டம்ஃப்ரீஸ் நகரில் 37-ஆவது வயதில் காலமானார்.

முதல் விருந்து

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, 1801-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் நண்பர்களும் அபிமானிகளுமாக ஒன்பது பேர் அல்லோவே குடிசையில் கூடினர். ஹாமில்டன் பால் என்ற மதகுரு இதற்கு ஏற்பாடு செய்திருந்தார். ஹாகிஸ் பரிமாறப்பட்டது, கவிதைகள் வாசிக்கப்பட்டன, கவிஞரின் நினைவாகக் கோப்பைகள் உயர்த்தப்பட்டன. இன்றைய விருந்தின் அடிப்படை வடிவம் அன்றே உருவாகிவிட்டது.

நினைவு நாளில் தொடங்கிய வழக்கம் விரைவில் பிறந்த நாளுக்கு மாறியது. தொடக்கத்தில் சில சங்கங்கள் ஜனவரி 29-ஆம் தேதியைப் பிறந்த நாளாகக் கருதிக் கொண்டாடின. தேவாலயப் பதிவேட்டைச் சரிபார்த்த பிறகே ஜனவரி 25 என்பது உறுதியானது.

ஹாகிஸ் என்பது என்ன?

ஆட்டின் இதயம், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு முதலியவற்றுடன் கலந்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பதே ஹாகிஸ். இப்போது இரைப்பைக்குப் பதிலாகச் செயற்கை உறைகளும் பயன்படுத்தப்படுகின்றன. மசித்த டர்னிப் வகைக் கிழங்கும் மசித்த உருளைக்கிழங்கும் இதற்குத் துணை உணவுகள்.

நல்ல இறைச்சி செல்வந்தர் வீட்டுக்குச் சென்றுவிட, எஞ்சியதை வீணாக்காமல் வயிறு நிறைய உண்ண வழிசெய்த எளியோர் உணவு இது. வெளிநாட்டுப் பகட்டு உணவுகளைக் கேலி செய்து, ஹாகிஸைப் புகழ்ந்து பர்ன்ஸ் 1786-இல் ஒரு கவிதை எழுதினார். ஏளனமாகப் பார்க்கப்பட்ட மொழியில், ஏழைகளின் உணவை அரியணையில் ஏற்றிய கவிதை என்பதால்தான் விருந்தின் நடுநாயகமாக ஹாகிஸ் இடம்பெறுகிறது.

ஆட்டு நுரையீரலை உணவாக விற்க 1971 முதல் தடை இருப்பதால், மரபான ஹாகிஸை அமெரிக்காவில் விற்க இயலாது. எடின்பரோவில் 1984-இல் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் தொடங்கப்பட்டபோது, பருப்பு, காய்கறி, ஓட்ஸ் கொண்ட சைவ ஹாகிஸ் அறிமுகமானது. இன்று பல விருந்துகளில் இரண்டும் பரிமாறப்படுகின்றன.

விருந்தின் வரிசை

பர்ன்ஸின் பெயரால் வழங்கும் நான்கு வரி நன்றியுரையுடன் விருந்து தொடங்குகிறது. பேக்பைப் கலைஞர் முன்செல்ல, சமையல்காரர் ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வருகிறார். ஒருவர் அதன் எதிரே நின்று, ஹாகிஸ் குறித்த கவிதையை நடிப்புடன் சொல்கிறார். மூன்றாவது பத்தியில் கத்தி பற்றிய குறிப்பு வந்ததும், ஹாகிஸைப் பிளந்து காட்டுகிறார். பின்னர் விஸ்கிக் கோப்பைகள் உயர்கின்றன.

உணவுக்குப் பின் 'அழியா நினைவு' என்ற முதன்மை உரை. தொடர்ந்து, பெண்களைப் போற்றி ஆண் ஒருவர் நகைச்சுவையாகப் பேச, அதற்குப் பெண் ஒருவர் பதிலுரைக்கிறார். இடையிடையே பாடல்களும் கவிதைகளும் இடம்பெறும். இறுதியில் அனைவரும் கைகோத்து 'ஆல்ட் லாங் சைன்' பாடிக் கலைகின்றனர்.

புகழுரையும் கேள்விகளும்

முதன்மை உரை வெறும் துதியாக இருக்க வேண்டியதில்லை. கவிஞரின் வாழ்வை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி மதிப்பிடும் இடமாகவும் அது விளங்குகிறது.

மனிதர் அனைவரும் சமம் என்று பாடிய பர்ன்ஸ், 1786-இல் ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் இயங்கிய தோட்டம் ஒன்றில் கணக்கர் வேலைக்குச் செல்ல ஏற்பாடு செய்திருந்தார். நூல் பெற்ற வெற்றியே அப்பயணத்தைத் தடுத்தது. மேலும், மனைவி ஜீன் ஆர்மர் குறித்து 1788-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தைச் சுட்டிக்காட்டி, பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறையை ஸ்காட்லாந்தின் முன்னாள் தேசியக் கவிஞர் லிஸ் லாக்ஹெட் 2018-இல் கடுமையாக விமர்சித்தார். நீண்ட காலம் பல சங்கங்களின் விருந்துகள் ஆண்களுக்கு மட்டுமானவையாகவே இருந்தன. இன்று பெண்களின் பதிலுரை, இத்தகைய கேள்விகளை எழுப்பும் வாய்ப்பாகவும் பயன்படுகிறது.

வங்காளத்தில் ஒலிக்கும் மெட்டுகள்

பர்ன்ஸின் பாடல் மெட்டுகள் இந்தியாவுக்கும் அந்நியமானவை அல்ல. 1878-இல் இங்கிலாந்து சென்ற இளம் ரவீந்திரநாத் தாகூரை ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புற இசை ஈர்த்தது. பழைய நாள்களை நினைவுகூரும் அவரது 'புரானோ ஷேய் தினேர் கோதா' பாடல், 'ஆல்ட் லாங் சைன்' மெட்டைத் தழுவியது. 'ஃபுலே ஃபுலே டோலே டோலே' பாடலின் மெட்டும், டூன் நதிக்கரை பற்றிய பர்ன்ஸ் பாடலின் மெட்டைத் தழுவியதே. இவற்றைப் பாடி வளர்ந்த வங்காளிகள் பலருக்கு இவை முழுக்க முழுக்கத் தங்கள் பாடல்களே.

மொழி பிழைத்திருக்குமா?

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999 ஜூலை 1 அன்று மீண்டும் தொடங்கியபோது, சமத்துவத்தைப் போற்றும் பர்ன்ஸின் பாடலே அங்கு பாடப்பட்டது. ஆயினும், அவர் எழுதிய மொழிக்கான அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சுமார் 54 லட்சம் மக்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசக்கூடியவர்கள். ஸ்காட்ஸ், கேலிக் ஆகிய இரு மொழிகளுக்கும் அதிகாரபூர்வ நிலை வழங்கும் சட்டம் 2025-இல்தான் நிறைவேறியது.

அதற்கு முன்பே பல தலைமுறைகளாக, ஜனவரி மாதம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பர்ன்ஸ் கவிதைகளை மனனம் செய்து ஒப்பித்து வருகின்றனர். அன்றாடம் ஆங்கிலமே பேசும் வீட்டுப் பிள்ளைகளில் பலரும், முன்னோர் பேசிய சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் ஒரு தருணம் அது.