துணி டேப் எதைக் காக்கிறது?

சாந்திபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார். வி.கோட்டா சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்கு இறங்குவதும், திரும்பி வரும்போது மொகிலி கணவாயில் ஏறுவதும் அவருக்கு வாடிக்கை. 'எஞ்சின் பக்கத்து வயர்களில் சுற்றியிருந்த கறுப்பு டேப் பிசுபிசுவென்று ஒழுகுகிறது. ஹீட் ப்ரூஃப் துணி டேப் சுற்றிவிட்டால் வயர் சூடாகாது, வண்டி தீப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?' என்பது அவர் கேள்வி.

டேப் நல்ல டேப்தான். கடைக்காரர் சொல்லும் காரணம்தான் தவறு. டேப்பின் அட்டையில் '150 டிகிரி' என்று போட்டிருந்தால், அந்தச் சூட்டில் டேப் கெடாமல் இருக்கும் என்று பொருள். உள்ளே இருக்கும் வயருக்குச் சூடு போகாது என்று பொருளில்லை. ஜெர்மன் கார் நிறுவனங்கள் பொதுவாக வகுத்துக்கொண்ட சோதனையில், இப்படிப்பட்ட டேப்பை 3,000 மணி நேரம் குறித்த வெப்பத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது 1,20,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். கடுமையான சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் தேறுவது டேப் மட்டுமே. அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு துணியால் சூட்டை எவ்வளவு நேரம் மறித்து நிற்க முடியும்?

எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பிசுபிசுப்பு. அது ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் துணி டேப்பின் அருமையும் புரியும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப் பிவிசி. போர்வெல்லிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் விறைத்த குழாயும் பிவிசிதான். ஒரே பொருள் ஓரிடத்தில் தடி போலவும் இன்னோரிடத்தில் ரிப்பன் போலவும் இருப்பதற்குக் காரணம், ரிப்பனுக்குள் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய். வயர் தோலின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைகூட இந்த எண்ணெய் இருக்கலாம். பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே அது புகுந்துகொண்டு, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க விடுகிறது. சங்கிலியோடு வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எழுந்து போகவும் முடியும்.

காலையில் பிழிந்த சேவையில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி வைத்தால் இழைக்கு இழை ஒட்டாமல் தளர்ந்து கிடக்கும். அதைக் காகிதத்தில் பரப்பி வெயிலில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் காகிதத்துக்கு இறங்கிவிடும், காகிதம் பளபளக்கும், சேவை விறைத்து, தொட்டால் ஒடியும். காகிதம் இருக்கும் இடத்தில் டேப்பின் பசையை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூட்டில் பிவிசியிலிருந்து கிளம்பும் எண்ணெய் பசைக்குள் இறங்குகிறது. ரப்பர் பசை ஏற்கெனவே சூட்டில் தளர்ந்திருக்கிறது. எண்ணெயும் சேர்ந்ததும் கூழாகி ஓரங்களில் வழிகிறது. எண்ணெய் இழந்த டேப் சுருங்கி, தன் சுற்றைத் தானே அவிழ்த்துக்கொள்கிறது. வாசகர் விரலில் ஒட்டியது அதுதான். வயரின் தோலும் பெரும்பாலும் பிவிசி என்பதால் அதற்கும் இதே கதி. பத்தாண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் பக்கத்து வயரை வளைத்தால் தோல் விண்டுபோவதை எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனும் பார்த்திருப்பார். சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்துறையில் பழைய கணக்கு.

எண்ணெயே விடாமல் சேவையை வளைய வைக்க முடியுமா? முடியும். அச்சின் துளையை இன்னும் இன்னும் சிறிதாக்க வேண்டும். உருண்டையான ஓர் இழையை வளைக்கத் தேவையான விசை, விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வளைப்பது பத்தாயிரம் மடங்கு எளிதாகும். மெலிந்த இழைகள் நூறு சேர்ந்தால்தான் பழைய தடிமன் வரும். ஆனாலும் அந்த நூறு இழைக் கற்றை பழைய ஒற்றை இழையைவிட நூறு மடங்கு எளிதாக வளையும்.

துணி டேப்பின் இழை பாலியெஸ்டர். அதை உருக்கி, நுண்துளைகள் உள்ள தகட்டின் வழியாகப் பிழிந்துதான் எடுக்கிறார்கள், சேவை பிழிவதைப் போலவே. பிழிந்த இழையை இழுத்து நீட்டும்போது மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்து, படிகமாக இறுகிக்கொள்கின்றன. கட்டியாக எடுத்தால் இது விறைப்பான பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டிலின் மூடிப் பக்கம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு விறைப்பு. தலைமுடியைவிட மெல்லிய இழையாக்கி நெய்துவிட்டால் துணியாக வளைகிறது. இந்த வளைவு மெலிவால் வந்தது, எண்ணெயால் வந்ததல்ல. சூட்டால் எண்ணெயை வெளியேற்ற முடியும், மெலிவை எப்படி வெளியேற்றும்? எனக்கு இதைப் படித்த அன்று ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. சுமார் 255 டிகிரியில் பாலியெஸ்டர் உருகும். அதற்கு வெகுகீழே, பானட்டுக்குள் நிலவும் சூட்டில், துணியிலிருந்து ஓடிப்போவதற்கென்று எண்ணெய் எதுவுமே இல்லை.

வரலாறு இதற்குச் சுருக்கமாகப் போதும். அமெரிக்காவில் வால்டோ செமன் 1926-ல் பிவிசியை எண்ணெய் சேர்த்து இளக்கிக் காட்டினார். உலோகத்தில் ரப்பரை ஒட்டும் பசை தேடப் போய்க் கிடைத்தது அது. 1940-களில் 3எம் நிறுவனம் பிவிசி டேப் செய்ய முனைந்தபோது முதலில் வந்த தலைவலி, எண்ணெய் வெளியேறிப் பசையைக் கெடுத்ததுதான். பாலியெஸ்டர் இழை 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் கண்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகத் தைத்துப் போட்ட டெரிலின் சட்டை அதே இழை.

இனி சாந்திபுரம் வண்டிக்கு வருவோம். துணி டேப் உண்மையில் காப்பது உராய்விலிருந்து. குண்டும் குழியுமான சாலையில் வயர்க் கட்டு தகட்டின் விளிம்பில் நாள் முழுக்கத் தேய்கிறது. தோல் தேய்ந்து செம்பு பாடியைத் தொட்டால், 12 வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமர ராஜா செய்வது போன்ற சாதாரண லெட் பேட்டரியே குறுக்குச் சுற்றில் சில நூறு ஆம்பியரைக் கொட்டும். நெய்த பாலியெஸ்டர் அந்தத் தேய்மானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. கார்களில் அதைச் சுற்றுவதன் முதல் காரணம் இதுவே. ஏற்றத்தில் மெதுவாக ஏறிவந்து எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று பானட்டுக்குள் சூடு சற்று நேரம் கூடிக்கொண்டே போகும். அப்போது பிவிசி டேப் தளரும் இடத்தில் இது பிடித்து நிற்கும்.

அதற்குமேல் இதனிடம் எதிர்பார்ப்பது ஆபத்து. சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயரில் சுற்றினால் டேப் உருகும். கறுப்புத் துணி வெப்பக் கதிரை நன்றாக உறிஞ்சவும் செய்யும். அங்கே வயரை விலக்கிக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் அலுமினிய உறை போட்ட கண்ணாடி நார் ஸ்லீவ் வேண்டும். வெட்டி ஒட்டுப்போட்ட இடத்திலும் துணி டேப்பை மட்டும் சுற்றக் கூடாது. நெசவின் இடுக்கில் ஈரம் புகும். ஒட்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு அதன்மேல் துணி சுற்றலாம்.

வயருக்கு உள்ளேயே பிறக்கும் சூட்டை எந்த டேப்பும் தொடாது. 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதைக் கழற்றி 100 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். சூடு மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுவதால், அதே வயர் கிட்டத்தட்ட 2.8 மடங்கு சூடாகிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டால், முதலில் உருக வேண்டியது உருகாமல் வயரின் தோல் உருகுகிறது. 2010-ல் டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களையும் எக்ஸாஸ்ட் மேல் தங்கிவிட்ட வேற்றுப் பொருளையும் நிறுவனம் காரணமாகச் சொன்னது. வடிவமைப்பில் குறையில்லை என்றது. ஆனாலும் அந்த நவம்பரில், விற்ற கார்களின் எக்ஸாஸ்டிலும் மின்சுற்றிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்துதர முன்வந்தது. அந்த இரண்டு இடங்களைத்தான் வாசகரும் முதலில் பார்க்க வேண்டும்.

வேலையில் இறங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பழைய பிவிசி டேப்பின் மேலேயே துணியைச் சுற்றாதீர்கள், ஒழுகும் பசை உள்ளேயே தங்கிவிடும். முழுக்க உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, விண்டுபோன வயரை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி, இழுத்து இறுக்காமல் சுற்றுங்கள். கூடுதலாகப் போட்ட விளக்குகளுக்குத் தனி ரிலேயும், அந்த வயரின் கனத்துக்கு ஏற்ற ஃபியூஸும் வேண்டும். கடையில் டேப் கேட்கும்போது மூன்று விவரம் பாருங்கள்: பாலியெஸ்டர் துணியா, சூட்டில் தளரும் ரப்பர் பசையாக இல்லாமல் அக்ரிலிக் பசையா, எத்தனை டிகிரி. அட்டையில் 'ஃபயர் ப்ரூஃப்' என்று மட்டும் போட்டு டிகிரி போடாத சுருளை வாங்க வேண்டாம்.