எல்லை தாண்டும் உழைப்பு, தாண்டாத சம்பளம்

2015-இல் லெபனானில் தங்கியிருந்த சிரிய அகதி ஒருவர் தன் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், ‘வேலை செய்ய மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஐ.நா. அகதிகள் முகமையில் பதிவு செய்தவர்களுக்கு அந்த ஆண்டு வந்த விதி இது. அப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். லெபனான்காரர் ஒருவர் பொறுப்பேற்றால் வேலைக்குப் போக முடிந்தது; அதுவும் பெரும்பாலும் வயல்வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலைதான். ஊரில் அவர் ஆசிரியராக இருந்தாரா, பொறியாளராக இருந்தாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அதே ஆண்டில் நியூயார்க்கில் அலின் சாரா என்ற லெபனான் வம்சாவளிப் பெண், அரபு பேசிப் பழக ஆள் தேடிக்கொண்டிருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அரபு வகுப்புகளின் கட்டணம் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. லெபனானில் வேலையின்றி உட்கார்ந்திருக்கும் சிரியர்களுடன் ஸ்கைப்பில் பேசி, அதற்குக் காசு கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நண்பர்களுடன் சேர்ந்து ‘நத்தகல்லம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கற்க விரும்புபவர் நேரம் குறித்துக் கட்டணம் செலுத்துவார். மறுமுனையில் அகதி ஒருவர் பேசுவார், ஊதியம் பெறுவார். பின்னாளில் பல்கலைக்கழகங்களும் தங்கள் அரபு வகுப்புகளில் இந்த உரையாடல்களைச் சேர்த்துக்கொண்டன. பாரசீகம், ஸ்பானியம், பிரெஞ்சு, மொழிபெயர்ப்புப் பணி என்று வேலை விரிந்தது.

இது எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் பலரும் வகுப்பில் கற்பது எழுத்து வழக்கு அரபு. பாடப்புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டு மதுரைச் சந்தையில் இறங்குபவரைப் போல, அவர்கள் டமாஸ்கஸ் தெருவில் திகைத்து நிற்பார்கள். அந்தத் தெருப்பேச்சு சிரியர்களிடம் இருந்தது. அதைச் சோதனைச் சாவடியில் பறிக்க முடியாது. அதற்குப் பட்டச் சான்றிதழும் வேண்டாம். ஒரே ஆசிரியரிடம் மாதக்கணக்கில் பேசும் மாணவர் அவரை இன்னொருவருக்குச் சொல்லி அனுப்புவார். சான்றிதழ், முன்னாள் முதலாளி, அக்கம்பக்கத்தார் என்று ஒருவருக்கு நற்சாட்சி சொல்லக்கூடிய எல்லாமே போரில் போன பிறகு, அந்தச் சொல்தான் அவருக்குப் புதிய அடையாளம். இணையச் சமூகம் என்று நாம் பேசுவதன் பெரும் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சி எங்கும் கிடைக்கும். ‘இவர் நல்ல வேலைக்காரர்’ என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது.

ஆனால் இணையத்தில் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள காசாவைப் பார்க்க வேண்டும். 2007 முதல் முற்றுகையில் இருக்கும் நிலம் அது. 2023 போருக்கு முன்பே அங்கே வேலை தேடுபவர்களில் 45 சதவீதம் பேருக்கு வேலையில்லை. 2011-இல் மெர்சி கார்ப்ஸ் தொண்டு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ‘காசா ஸ்கை கீக்ஸ்’ என்ற மையத்தைத் தொடங்கின. நிரல் எழுதக் கற்பித்ததோடு, மேசையும் ஜெனரேட்டரும் நிலையான இணையமும் கொடுத்தது அந்த மையம். மின்சாரம் ஒரு நாளில் சில மணி நேரமே வந்த, கைப்பேசியில் 2ஜி மட்டுமே கிடைத்த ஊரில், பாடத்தைவிட ஜெனரேட்டர் முக்கியமாக இருந்தது.

அடுத்த தடை, வேலை முடித்த பிறகு வருகிறது. மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனர்களால் இணையப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலில் கணக்குத் தொடங்க முடியாது. அதே மேற்குக் கரையில் குடியேறியுள்ள இஸ்ரேலியர்களால் முடியும். 2016-இல் பாலஸ்தீனத் தொழில்நுட்ப நிறுவனங்கள் பேபால் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியும் இந்த நிலை மாறவில்லை. ஒருவர் லண்டன் நிறுவனத்துக்கு இணையதளம் வடிவமைத்துத் தரலாம். கூலி வந்து சேர வழி தேட வேண்டும். எந்தச் சேவை வழியாகப் பணம் வரும், எந்த வங்கி கேள்வி கேட்காமல் ஏற்கும் என்பதை முன்னே போனவர்கள் பின்னே வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

போர் மூண்ட பிறகு, 2023 அக்டோபர் 27 அன்று காசாவின் தொலைத்தொடர்பு முழுவதும் அறுந்தது. எகிப்திய எழுத்தாளர் மிர்னா எல் ஹெல்பாவி, வெளிநாட்டு நெட்வொர்க்கில் இயங்கும் இ-சிம்களை வாங்கி அனுப்பும்படி உலகெங்கும் உள்ளவர்களைக் கேட்டுக்கொண்டார். கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து அனுப்பினால் போதும். எல்லையோரத்திலோ உயரமான இடத்திலோ நிற்பவருக்கு சிக்னல் கிடைக்கும். போருக்கு நடுவே கூடாரங்களில் சூரியத் தகடு வைத்து வடிவமைப்பு வேலையும் நிரல் வேலையும் தொடர்ந்தவர்கள் உண்டு.

சமூகம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், வெனிசுவேலா இல்லை என்கிறது. பணவீக்கம் அந்நாட்டு நாணயத்தை வெறும் காகிதமாக்கிய 2018-ஐ ஒட்டி, ஓட்டுநரில்லாக் கார்களுக்கான படங்களில் வண்டி எது, பாதசாரி யார் என்று குறியிடும் வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். டாலரில் கூலி வந்தது. ஆட்கள் பெருகப் பெருகக் கூலி சரிந்தது. காரணம் சொல்லாமல் கணக்குகள் முடக்கப்பட்டன. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் அவர்கள் நல்ல வேலை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் காத்தார்கள். ஆனால் கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. திறன் பயிற்சிக்கு நிதி தரும் அமைப்புகள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அரசுகள் செய்யக்கூடியவை பெரும்பாலும் செலவில்லாதவை. பல நாடுகளில் அடையாள ஆவணம் இல்லாதவர் சிம் கார்டு வாங்க முடியாது. உகாண்டா 2019-இல், அகதிகளிடம் ஏற்கெனவே இருந்த பதிவு ஆவணங்களைக் காட்டியே சிம் வாங்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. அதற்கு ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

இந்தியாவும் லெபனானைப் போலவே 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கேயே பிறந்து, பொறியியல் படித்து, குடியுரிமைச் சான்று கேட்கும் நிறுவனங்களின் வாசலில் திரும்பி, பெயின்ட் அடிக்கப் போகும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கைப்பேசியும் பட்டமும் உண்டு. வெளிநாட்டு வேலையைத் தங்கள் பெயரில் ஏற்று, அதன் கூலியைத் தங்கள் கணக்கிலேயே தடையின்றிப் பெறுவதற்கான தெளிவான விதியை எழுதித் தருவது அரசின் கையில் இருக்கிறது.