ஜாசார் முகட்டில் ஒரு புவியியல் பாடம்

கேமரன் மலைக்கு வருபவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். லெம்பா பெர்த்தாமில் வளர்ந்த நானே இந்தப் பள்ளி விடுமுறையில்தான் முதன்முதலாக ஜாசார் மலையில் ஏறினேன். உடன் வந்தவர்கள் தோழிகள் மூவரும், காட்டுப் பாதைகளில் நன்கு பழகிய என் மாமாவும்.

இங்குள்ள காட்டுப் பாதைகளுக்கு எண்கள் உண்டு. தானா ராத்தாவிலிருந்து ஜாசாருக்கு ஏறுவது 10ஆம் எண் பாதை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. முகடு அதற்கும் ஏறக்குறைய 200 மீட்டர் மேலே. அறுபது மாடிக் கட்டடத்தைப் படிக்கட்டு இல்லாமல் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்! மர வேர்கள்தாம் படிகள். செங்குத்தான இடங்களில் கைகளையும் ஊன்றித்தான் ஏறினோம். "பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே நமக்குப் போதும்" என்றார் மாமா.

அன்று காலை மழை இல்லை. ஆனாலும் கிளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மலைக்காட்டைத் தழுவும் மூடுபனி இலைகளிலும் பாசியிலும் பட்டு நீர்த்துளியாகிறது. தரையில் குவிந்த இலைச்சருகு அதை உறிஞ்சி, மெதுவாக ஓடைகளுக்கு விடுகிறது. மழையில்லாத நாளிலும் ஓடைகள் வற்றாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

முகட்டில் நின்றபோது தானா ராத்தா கீழே தெரிந்தது. அந்த ஊரின் வழியே ஓடும் பெர்த்தாம் ஆறு ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. 1960களில் மின் உற்பத்திக்காக அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. அணைக்குக் கீழே இருப்பது எங்கள் ஊர்.

காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மழையில் கரையும் மண் அந்த ஏரியில்தான் படிகிறது. மண் சேரச் சேர நீருக்கு இடம் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகள் சேதமடைந்தன. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் நாங்கள் தப்பினோம்.

என் அப்பா வேலை செய்வது காய்கறித் தோட்டத்தில்தான். ஆகவே தோட்டமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சரிவில் பயிரிடலாம், எந்தச் சரிவைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்வி எங்கள் தலைமுறைக்கானது. புவியியலும் வேளாண்மையும் பொறியியலும் படிக்கப்போகும் மாணவர்களே, அதற்கான விடையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மலையேற விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். பாதை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தனியாகப் போகாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று இதே தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்றவர். பெரும் தேடுதல் நடந்தும் இன்றுவரை தடயம் கிடைக்கவில்லை. மழைச்சட்டை, குடிநீர், கைவிளக்கு, நல்ல பிடிப்புள்ள காலணி ஆகியவை அவசியம். பிற்பகலில் மேகம் இறங்கினால், முகடு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு நாள் ஏறலாம்.