தட்டினால் வரும் படம்

"அப்பா வாங்கிய 21 அங்குல டிவி. பத்து நிமிடம் ஓடும், படக்கென்று அணைந்துவிடும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி வருகிறது. வீடியோ பார்த்து நானே திறக்கலாமா? உள்ளே 25,000 வோல்ட் இருக்கிறது, தொட்டால் சாவுதான் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தட்டினால் வருகிறது என்று சொன்னபோதே கோளாறில் முக்கால்வாசியை அவரே சொல்லிவிட்டார். எங்கோ ஓர் ஈயப்பற்று விட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் இதை டிரை சால்டர் என்பார்கள். எந்த இடத்தில் விட்டிருக்கும், ஏன் அங்கே என்பதுதான் சுவாரஸ்யம். அதற்கு முன் அந்தச் சாவுக் கணக்கை முடித்துவிடுவோம்.

25,000 வோல்ட் பொய் இல்லை. பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட தடித்த வயர் ஒன்று செருகியிருக்கும். 21 அங்குலக் கலர் செட்டில் அங்கே ஏறக்குறைய அவ்வளவு வோல்ட் உண்டு. டியூபின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருப்பதால் டியூபே ஒரு கன்டென்சர் ஆகிவிடுகிறது. அதன் கொள்ளளவு சுமார் 2,000 பிக்கோஃபாரட். பள்ளியில் படித்த சூத்திரத்தில் போட்டால் அதில் தேங்கும் ஆற்றல் 0.6 ஜூல்.

இப்போது பவர் கார்டு வந்து சேரும் மூலையைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு கன்டென்சர் நிற்கும். 150 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் ஏசி, டையோடுகளைத் தாண்டி 325 வோல்ட் டிசியாக இதில் நிரம்புகிறது. அதே சூத்திரம் இங்கே தருவது 8 ஜூல். எல்லாரும் நடுங்கும் டியூபைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். டியூபின் அடி கையை உதறவைக்கும். உதறிய கை பட்டு டியூபின் மெல்லிய கழுத்து உடைந்தால் கண்ணாடி சிதறும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அடியே ஆபத்து. ஆனால் உயிருக்கு உலை வைக்கக்கூடியது, யாரும் பேசாத இந்த மூலைதான். பிளக் செருகியிருக்கும்போது அந்தப் பகுதி முழுவதும் நேராக வீட்டு மின்சாரத்தோடு பிணைந்திருக்கிறது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று தொட்டால், கன்டென்சரின் 8 ஜூலோடு அது நிற்காது.

இதில் பலர் அறியாத ஒரு சங்கதி உண்டு. நன்றாக ஓடும் டிவியை அணைத்தால், பவர் சப்ளையே கன்டென்சரில் உள்ளதை உறிஞ்சிச் சில நொடிகளில் காலி செய்துவிடும். பவர் சப்ளை செத்துக் கிடக்கும் டிவியில் உறிஞ்ச ஆளில்லை. பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் அந்த 325 வோல்ட் அப்படியே காத்திருக்கலாம். ஆகவே ஓடுகிற செட்டைவிட ஓடாத செட்டிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். "அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், பிறகு பயமில்லை" என்று சொல்லும் வீடியோக்களை இதனாலேயே நம்பாதீர்கள். காத்திருப்பது போதாது. மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். மீதம் இருந்தால் 100 வாட் குண்டு பல்பின் இரு வயர்களையும் கன்டென்சரின் இரு கால்களில் வைத்து வடிக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வீரம் அல்ல. பொறி பறந்து கண்ணில் தெறிக்கும்.

சரி, 230 வோல்ட் வரும் வீட்டில் 25,000 எப்படிப் பிறக்கிறது? பழைய டிவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மாடித் தொட்டியிலிருந்து நீண்ட குழாயில் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. கீழே வால்வைச் சட்டென்று அடைக்கிறீர்கள். சுவருக்குள் 'டொம்' என்று ஓர் அடி விழும். தொட்டியின் உயரம் தரக்கூடிய அழுத்தத்தைவிட அந்த அடியின் அழுத்தம் பல மடங்கு. ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நிற்க மனமில்லை, அவ்வளவுதான். கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரமும் அதே குணம் கொண்டது. டிவியில் தொட்டி என்பது பவர் சப்ளை தரும் 110 வோல்ட் சொச்சம். குழாய் என்பது எல்.ஓ.டி. என்றும் ஈ.எச்.டி. என்றும் கடைகளில் சொல்லப்படும் அந்தக் கறுப்பு டிரான்ஸ்ஃபார்மரும், அதோடு சேர்ந்த, டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலும். வால்வு என்பது லைன் டிரான்சிஸ்டர். திரையில் ஒரு கோட்டை வரையும் 52 மைக்ரோ விநாடிகளில் மின்னோட்டம் நிதானமாக ஏறுகிறது. கோடு முடிந்ததும் டிரான்சிஸ்டர் சட்டென்று அடைக்கிறது. எலக்ட்ரான் கற்றை அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்ப 12 மைக்ரோ விநாடிதான் அவகாசம். அந்தக் குறுகிய இடைவெளியில் விழும் 'டொம்' ஏறத்தாழ 1,000 வோல்ட்.

குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். அடி விழும் இடத்தில் காற்றுப்பை ஒன்றைப் பொருத்தினால் அடி மென்மையாகும். டிவியில் அந்தப் பை, டிரான்சிஸ்டரின் அருகே நிற்கும் 1,600 அல்லது 2,000 வோல்ட் கன்டென்சர். பை எவ்வளவு பெரிதோ, அடி அவ்வளவு தணியும். பையில் அமுங்கிய தண்ணீர் திரும்பி எதிர்த்திசையில் பாயும். அதற்கு வழிவிட ஒரு டையோடு இருக்கிறது, திரையின் இடது பாதிக் கோடு அந்தத் திரும்பும் மின்னோட்டத்தால்தான் வரையப்படுகிறது. அடியின் அழுத்தத்தை ஒருவழி வால்வு மூலம் இன்னொரு கிளைக்குழாயில் ஏற்றி, முதல் தொட்டியைவிடப் பல மடங்கு உயரத்தில் உள்ள சின்னத் தொட்டியை நிரப்ப முடியும். எல்.ஓ.டி.க்குள் ஆயிரக்கணக்கில் சுற்றிய மெல்லிய கம்பியும் அதற்குள்ளேயே புதைந்த டையோடுகளும் செய்வது அதையே. அந்த உயரத் தொட்டிதான் பிக்சர் டியூப். விநாடிக்கு 15,625 முறை இந்த 'டொம்' விழுகிறது. 625 கோடு, விநாடிக்கு 25 படம் என்று பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும்.

இவ்வளவையும் நான் நீட்டிச் சொன்னது, பெட்டியைத் திறக்காமலேயே நோயைக் கண்டுபிடிக்க இது உதவுவதால்தான். 15,625 ஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு எட்டும் சத்தம், ஆனால் வயது ஏற ஏற எட்டாது. பழைய டிவி போட்டதும் 'ஙீ' என்று மெல்லிய கீச்சொலி கேட்கிறதா என்று வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்; கேட்டால் லைன் பகுதி உயிரோடு இருக்கிறது. போட்ட நொடியில் திரைக்கு அருகே முன்கையை நீட்டினால் ரோமம் சிலிர்க்கிறதா? 25,000 வந்துவிட்டது. அறையை இருட்டாக்கிப் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக டியூபின் கழுத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் மினுங்கினால், அதற்கு வேண்டிய 6 வோல்ட் சொச்சமும் பெரும்பாலான கலர் செட்களில் எல்.ஓ.டி.யிலிருந்தே வருவதால், அங்கும் குறையில்லை. கீச்சொலி இருக்கிறது, ஹீட்டர் எரிகிறது, ஆனால் திரையின் குறுக்கே ஒரே ஒரு பிரகாசமான கிடைக்கோடு என்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிக்கல் ஐ.சி. பக்கம் பாருங்கள். உடனே பிரைட்னஸைக் குறைக்கவும் வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் கோடு திரையில் நிரந்தரமாகக் கருகிப் பதியும்.

நம் வாசகரின் செட் அணையும்போது முன்னால் உள்ள சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதே அடுத்த கேள்வி. அதுவும் போய்விட்டால் பவர் சப்ளைப் பகுதி. அது எரிந்துகொண்டிருக்க, கீச்சொலியும் ஹீட்டரும் ஒருசேர நின்றால், பற்று விட்ட இடம் பெரும்பாலும் எல்.ஓ.டி.யின் கால்கள் அல்லது லைன் டிரான்சிஸ்டரின் கால்கள். போர்டிலேயே கனமான பாகங்களில் ஒன்று எல்.ஓ.டி.; தினமும் மாலையில் சூடேறி, இரவில் ஆறுகிறது. செம்பும் ஈயமும் போர்டும் ஒரே அளவில் விரிவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு இழுபறியில் ஈயம் தோற்கிறது. போர்டின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், பளபளக்கும் ஈயக் குவியலின் நடுவே, காலைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். காலை லேசாக அசைத்தால் வளையத்துக்குள் அது தனியே ஆடும். தட்டும்போது ஒட்டுவதும் விடுவதும் இந்த இடம்தான். ஒவ்வொரு முறை விடும்போதும் அங்கே பொறி பறந்து போர்டு கருகுகிறது, கரி மின்சாரத்தைக் கடத்துகிறது, ஒருநாள் டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. தட்டி ஓட்டுவது சிக்கனம் அல்ல.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஈயம் வைத்தால் வேலை முடிந்தது. மேலே கொஞ்சம் ஈயத்தைப் பூசிவிடுவது சில மாதம் தாங்கினால் அதிசயம்.

சரிசெய்த செட்டை நல்ல மெக்கானிக் நேராக பிளக்கில் செருக மாட்டார். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த போர்டு வைத்திருப்பார். குளிர்ந்த பல்பின் மின்தடை சுமார் 40 ஓம். முழுதாக எரியும்போது 529 ஓம். டிவி நலமாக இருந்தால் பல்பு மின்னி மங்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் நின்று, மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் தடுத்துவிடும். புது ஃபியூசும் புது டிரான்சிஸ்டரும் தப்பும். நிறக்கறை நீக்கும் டீகாஸ் காயிலைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும், அது தொடக்கத்தில் அதிகம் இழுக்கும். எல்இடி பல்பு இந்தப் போர்டுக்கு உதவாது; சூடேற மின்தடை கூடும் குணம் அதற்குக் கிடையாது.

வரலாறு வேண்டுவோருக்கு: பிக்சர் டியூபின் மூதாதையான கதோடு கதிர்க் குழாயை ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன் செய்தது 1897இல். 1930களின் பிரிட்டிஷ் டிவிகள் பல ஆயிரம் வோல்ட்டை வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுத்தன. அதைத் தொட்டவர் பிழைப்பது அரிது. அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியதே மேலே சொன்ன உத்தி. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. கலர் 1982இல் வந்தது. சென்னையிலேயே தயாரான டயனோராவும் சாலிடேரும் வீடுகளுக்கு வந்தன. பிறகு தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலக் கலர் டிவிகளை இலவசமாகக் கொடுத்தது. அவற்றிலும் இதே 'டொம்'தான்.

பழைய டிவிக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலைபோகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கதையும் உங்களுக்கு வந்திருக்கலாம். பிக்சர் டியூபில் எந்த நிறப் பாதரசமும் கிடையாது. அதற்காகப் பெட்டியைப் பிளப்பவர் கையில் கிடைப்பது கண்ணாடிச் சில்லுகள்தான். டியூபுக்குள் வெற்றிடம், 21 அங்குலத் திரையின் முகத்தின் மேல் மட்டும் காற்று ஒரு டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பொய் கடைத்தெருவிலேயே உலவுகிறது: "எந்த கன்டென்சர் போட்டாலும் ஓடும்." ஓடும்தான். காற்றுப்பை என்று சொன்னேனே, அந்த 1,600 வோல்ட் கன்டென்சரின் இடத்தில் சிறிய மதிப்பு ஒன்றைப் போட்டால் அடி கூடும், டியூபுக்குப் போகும் வோல்ட் கூடும், திரையிலிருந்து எக்ஸ் கதிர் கசியும் அபாயமும் கூடும். எழுதியிருக்கும் அதே மதிப்பு, அதே வோல்ட், அதே வகைதான் போட வேண்டும். கடைக்காரர் "சமாளிச்சுக்கலாம் சார்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

வாசகருக்கு என் தீர்ப்பு: கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள், காதும் கண்ணும் போதும். திறக்கும் வேலையை, தொடர் பல்புப் போர்டு வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எல்.ஓ.டி. கால்களையும் லைன் டிரான்சிஸ்டர் கால்களையும் பழைய ஈயம் எடுத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். படம் வர நேரமெடுத்து, வந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் டியூபின் கதோடு களைத்துவிட்டது. அதற்குச் செலவு செய்வது வீண். அப்போது செம்புக் கம்பிக்காக டியூபை உடைக்கும் ஆளிடம் எடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் முழுதாகக் கொடுங்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் நிறைய இருக்கிறது.